கழுவின பேரல்

பேரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கைகளும் சுற்றி எட்டவில்லை, கன்னம் இரும்பில் படிந்திருக்கிறது, காலை வெயில் ஏறின சூடு, உள்ளே டீசல் தளும்புகிறது, வண்டி பள்ளத்தில் இறங்கினால் ஒரு சத்தம், மேட்டில் ஏறினால் ஒரு சத்தம், யாரோ உள்ளே படுத்துக்கொண்டு புரளுகிற மாதிரி, ஒரு பேரலுக்குத் திருகுமூடி இல்லை, அண்ணன் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கிழித்து பாலித்தீன் பையோடு சேர்த்து அடைத்திருக்கிறேன், அதையும் மீறி வழிந்து என் சுடிதாரெல்லாம் டீசல், பரவாயில்லை, வழிவது கையளவுதான், மீதி போய்ச் சேர்ந்தால் போதும், நான்கு பேரல், ஏறக்குறைய எண்ணூறு லிட்டர், இந்தக் குட்டியானை வண்டி தாங்குவது அவ்வளவுதான், தேரிக்காட்டுச் செம்மண் பாதையில் அது கடலைப் பார்த்துப் போகிறது, அங்கே அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகளின் ஓரத்தில் தொம்மை மாமாவின் போட்டு, பெரிய விசைப்படகு, வெறும் டேங்கோடு நிற்கிறது, டீசல் போய்ச் சேர்ந்தால் போட்டு கிளம்பும், கிளம்பினால் அண்ணனைத் தேடும், அண்ணன் கடலுக்குப் போய் இன்றைக்கு ஏழாவது நாள். டீச்சரம்மா, முன்னால வந்து உக்காருங்க, வெந்துபோவீய, என்று வண்டிக்கார இசக்கி அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறார், நான் டீச்சர் இல்லை, வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள், படித்த பொம்பளை என்றால் டீச்சர் என்பது அவர் முடிவு, முருங்கைக்காயும் தேங்காயும் ஏற்றுகிற மனுஷன், டீசல் வாடை பிடித்தால் ஒரு மாசத்துக்குக் காய்க்காரர்கள் வண்டியைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தார், நான் வரல அண்ணே, இது உருண்டா யாரு பிடிப்பா, பிடிக்கவா, அது இருநூறு கிலோ, நீங்க நாப்பத்தஞ்சு கிலோ, அது உருண்டா நீங்களும் சேந்துதான் உருளணும், உருண்டா உருளுதேன், நீங்க பள்ளத்தைப் பாத்துப் போங்க.

இந்தப் பாதை எனக்குத் தெரியும், இதே மணலில்தான் அண்ணன் என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போவான், மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிற திங்கட்கிழமைகளில், பஸ் நிற்கிற முக்குவரை ஐந்து மைல், பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பை இப்படித்தான் கட்டிக்கொண்டிருப்பேன், அவன் முதுகில் கன்னம், அந்த முதுகுக்கு உப்பும் எஞ்சின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை, சக்கரம் புதைந்தால் இறங்கித் தள்ளுவான், என்னை இறங்க விட மாட்டான், ஏட்டி, நீ படிச்சு முடிக்கதுக்குள்ள எனக்கு முட்டி ரெண்டும் போயிரும், பெரிய ஆபீசர் ஆனா மொதக் கையெழுத்து இந்த ரோட்டுக்குப் போடு, என்னத்தடி படிக்க அங்க, சொல்லு கேப்போம், நான் அடர்த்தியைப் பற்றிச் சொல்கிறேன், எண்ணெய் மேலே நிற்கும் தண்ணீர் கீழே போகும் ஏன் என்று சொல்கிறேன், அவன் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறான், இதுக்கா மூணு வருசம், வள்ளத்துக்கு அடியில தேங்குத தண்ணியில நான் தெனமும் இதத்தான பாக்கேன், என்னையக் கேட்டா ஓசில சொல்லியிருப்பேனே, அவன் பேர் ரெமிஜியுஸ், யாரும் முழுசாகக் கூப்பிட்டதில்லை, ரெமி, அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது அவனுக்குப் பதினாலு, அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் புத்தகப் பையை என்னிடம் தந்துவிட்டு மாமாவோடு கடலுக்குப் போனான், அந்தப் பையைத்தான் நான் பத்தாவது வரை தூக்கிக்கொண்டு நடந்தேன், இப்போது அந்த முதுகு இல்லை, இந்தப் பேரல் இருக்கிறது, இதுவும் சூடாகத்தான் இருக்கிறது, இதற்குள்ளும் ஏதோ அசைகிறது, நான் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன், பஸ் வந்துரும் அண்ணே சீக்கிரம் மிதி, என்று எனக்குள்ளே சொல்கிறேன், பதில் வருகிறது, தளும்புகிற சத்தமாக.

அவன் என்னிடம் பத்துத் தடவையாவது சத்தியம் பண்ணியிருப்பான், எஞ்சினைக் காட்டுகிறேன் என்று, காட்டவில்லை, காட்ட முடியாது, எட்டு வயதில் ஒருநாள் மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தில் ஏறிவிட்டேன், எஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே கறுப்பாக ஒரு மிருகம் தூங்கிக்கொண்டிருந்தது, அப்பா ஓடிவந்து ஈரக் கையால் கன்னத்தில் ஒன்று வைத்தார், பொட்டப்பிள்ள ஏறுன வள்ளம் எப்படிளா விளங்கும், பிறகு அதைக் கடல் தண்ணீரால் கழுவி, சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து, அப்புறம்தான் தள்ளினார்கள், அன்றிலிருந்து எனக்குப் புரிந்துவிட்டது, நாங்கள் மீனை விற்கலாம், கருவாடு காயப் போடலாம், கிழிந்த வலைக்கு முடிச்சுப் போடலாம், அதுவும் வலையைத் தாண்டாமல் சுற்றி நடந்து போய் உட்கார்ந்து, ஆனால் படகைத் தொடக் கூடாது, எஞ்சின் எப்படி ஓடுகிறது, டீசலை எப்படி ஊற்றுகிறார்கள், வடிகட்டி எங்கே இருக்கிறது, எதையும் கேட்கக் கூடாது, கேட்டால் சிரிப்பார்கள், உனக்கெதுக்குளா அது, சமையலப் பாரு, படிப்பப் பாரு, நாற்பது வருஷமாக மீனவன் வீட்டில் இருக்கிற என் அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று, உப்புத் தண்ணி அதுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடியலில் போனார்கள், ஐந்து பேர், மூன்று நாளைக்கு அரிசி, மூன்று நாளைக்குத் தண்ணீர், மறுநாள் காற்று திரும்பியது, கூரைகள் போயின, தென்னைகள் விழுந்தன, புதன்கிழமை கடல் எதுவுமே செய்யாத மாதிரி படுத்துக் கிடந்தது, மற்ற வள்ளங்கள் வந்தன, இது வரவில்லை, பெரிய கப்பல் ஒன்று இரண்டு நாள் தேடிவிட்டுத் திரும்பியது, அப்புறம் ஊரே தேடியது, ஊர்ப் போட்டுகள் எல்லாம் முறை வைத்துப் போயின, மானிய டீசல் தீர்ந்தது, மறுபடி சீட்டு வாங்க நான்தான் மீன்துறை ஆபீசுக்குப் போனேன், கடலுக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கை இன்னும் இருக்கிறதாம், எச்சரிக்கை இருக்கும்வரை சீட்டு இல்லையாம், மீன் பிடிக்கப் போகல சார், ஆளத் தேடிப் போறோம், என்றேன், ரெண்டும் கடலுக்குப் போறதுதாம்மா, என்றார் ஆபீசர், கெட்ட மனுஷன் இல்லை, எனக்கு உட்கார நாற்காலி காட்டினார், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அந்தத் தண்ணீர் தம்ளரைத் தூக்கி அவர் மேஜையிலிருந்த காகிதங்கள் மேலே கொட்ட வேண்டும் போலிருந்தது, கொட்டவில்லை, படித்த பெண் இல்லையா, நன்றி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன், வெளி பங்க்கில் பேரலில் பிடிக்க வேண்டுமென்றால் கடிதம் கேட்கிறார்கள் என்றதும் கடிதம் எழுதினேன், பங்குச்சாமியாரிடம் முத்திரை வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை போட்டு தள்ளக் கூடாது என்பது ஊர்க்கட்டு, அதையும் அவரே பீடத்தில் நின்று தளர்த்தினார், ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் பெரியப்பாதான் முறைத்தார், டீசல் எடுத்தாரதுக்குப் பொட்டப்பிள்ளையா, ஊர்ல ஆம்பளையே இல்லையா, இருக்காவ பெரியப்பா, யாரையாவது ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க, என்றேன், கரையில் இருந்த ஆண்கள் நாலு நாள் தூங்காமல் மணலில் விழுந்து கிடந்தார்கள், மற்றவர்கள் கடலில், என் பின்னால் யாரோ, நாக்கு நீண்டுபோச்சு படிச்சதும், என்றது கேட்டது, கேட்கட்டும், நீளட்டும்.

பேரல்கள் எங்கள் கொல்லையிலேயே கிடந்தன, அண்ணன் எப்போதோ வாங்கிப் போட்டது, மேலெல்லாம் மீன் செதிள், மணல், வாய் வழியாகப் பார்த்தால் உள்ளே பல்லியோ என்னவோ ஒன்று செத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது, இதிலா அண்ணனைத் தேடப் போகிற டீசலைப் பிடிப்பது, இன்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான்கையும் உருட்டிக்கொண்டு வந்தேன், சோப்புத் தூள் போட்டேன், வாய் வழியாகக் கையை நுழைக்க முடியாது, மணலும் கூழாங்கல்லும் போட்டு முன்னும் பின்னும் உருட்டி, உலுக்கி, கவிழ்த்து, மறுபடி தண்ணீர் விட்டு, வெளியே தேங்காய் நாரால் தேய்த்தேன், கேணியிலிருந்து உப்புத் தண்ணீர்தான் இறைத்தேன், அம்மா ஓடிவந்தாள், ஐந்து நாளாகப் படுத்துக் கிடந்தவள், தலைமுடி கூடக் கட்டாமல் ஓடிவந்தாள், ஏட்டி, உப்புத் தண்ணியிலயா கழுவுத, எஞ்சினுக்கு ஆகாதுளா அது, ரெமி எப்பவும் சொல்லுவானே, நல்ல தண்ணியில கழுவு, என்று வீட்டுக்குள்ளே போய் இரண்டு குடத்தைத் தூக்கி வந்தாள், லாரித் தண்ணீர், நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது, வரிசையில் நின்று சண்டை போட்டுப் பிடித்தது, குடிக்கிற தண்ணீர், பரவாயில்லையாம்மா, பிள்ளைக்குத்தான, ஊத்து, என்றாள், நான்கு பேரலையும் அந்த இரண்டு குடத்தால் அலசினேன், வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தேன், ஒரு மணி நேரம், தண்ணீர் வடிந்து நின்றது, நிமிர்த்திப் பார்த்தேன், வெளியே வெயிலில் பளபளவென்றிருந்தது, உள்ளே இருட்டு, சோப்பு வாசனை வந்தது, அம்மா ஒரு பேரலின் மேல் கையை வைத்துச் சிலுவை போட்டாள், ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம், சொல்லக் கூடாது, அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வண்டி மேட்டில் ஏறுகிறது, கடல் தெரிகிறது, இசக்கி அண்ணன் ஆரன் அடித்துக்கொண்டே இறங்குகிறார், ஆட்கள் ஓடி வருகிறார்கள், என்னை இறக்கிவிட்டுப் பேரலைப் பலகை வைத்து உருட்டுகிறார்கள், தொம்மை மாமா, அம்மாவின் தம்பி, கண் இரண்டும் செக்கச் செவேலென்று, பேரலைத் தட்டிப் பார்க்கிறார், ஏயப்பா, சம்மனசு மாதிரில்லா இருக்கு, செறகு மட்டுந்தான் இல்ல, யாரு பேரலு இது, எங்க வீட்டுதுதான் மாமா, நான் தேச்சேன், என்கிறேன் பெருமையாக, ஆமா ஆமா படிச்ச பிள்ள தேச்சது, என்று என் தலையில் கையை வைத்துவிட்டுக் குழாயைப் பேரலின் அடிவரை இறக்கி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, டீசலை மணலில் துப்பிவிட்டு, குழாயைப் போட்டின் டேங்குக்குள் விடுகிறார், ஓடுகிறது, குழாய்க்குள் டீசல் மஞ்சளாக ஓடுவதை நான் தூண்டில் வளைவுப் பாறையில் நின்று பார்க்கிறேன், அதற்கு மேல் வரக் கூடாது, யாரும் சொல்லவில்லை, என் கால் தானாகவே நின்றது, கஸ்பார் பெரியப்பா அங்கேதான் நின்றார், கடைசிச் சொட்டுவரை கவிழ்த்து ஊற்றினார்கள், ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை, நானும் வாரேன் மாமா, என்று கத்தினேன், எனக்கே தெரியாமல் வாய் கத்திவிட்டது, அவர் திட்டவில்லை, வந்தா உங்கம்மைய யாரு பாப்பா, கரையில நில்லு மக்கா, நீரோட்டம் தெக்க இழுக்கு, தெக்கதான் கெடப்பான், நான் கூட்டிட்டு வாரேன், என்றார், கோயிலில் இரண்டாம் பூசை மணி அடித்தது, போட்டு கிளம்பியது, எஞ்சின் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது, டக டக டக என்று, நான் கொண்டுவந்த டீசல், நான் கொண்டுவந்த சத்தம், அது தேய்ந்து காதுக்கு எட்டாமல் போகும்வரை அந்தப் பாறையிலேயே நின்றேன்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வெயில் உச்சிக்கு வந்தது, கண் திறந்துதான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன், கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் அண்ணன் குப்புறப் படுத்திருக்கிறான், உதடு வெடித்திருக்கிறது, கன்னத்தை வள்ளத்தில் வைத்திருக்கிறான், நான் பேரலில் வைத்திருந்த மாதிரி, நான் கடல்மேல் நடந்து போகிறேன், இடுப்பில் குடம், லாரித் தண்ணீர், சிந்தாமல் நடக்கிறேன், சிந்தினால் அம்மா திட்டுவாள், ஏட்டி, எஞ்சினத் தொடாத, அப்பா பாத்துருவாரு, என்கிறான் கண் திறக்காமல், எஞ்சினத் தொடல, தண்ணி கொண்டாந்துருக்கேன் குடி, என்று குடத்தைச் சாய்க்கிறேன், அதிலிருந்து மஞ்சளாக டீசல் வருகிறது, அவன் குடிக்கிறான், நல்லாருக்குளா, என்கிறான். யாரோ தோளைத் தொட்டார்கள், இசக்கி அண்ணன், வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்திருக்கிறார், ஒரு பொட்டலம் சோறு நீட்டுகிறார், டீச்சரம்மா, தின்னுட்டு முழிச்சிருங்க, தின்காம முழிச்சிருந்தா இப்படித்தான் தனியாப் பேச்சு வரும்.

மாமா வந்தது மறுநாள் மத்தியானம், கூட்டிக்கொண்டு வரவில்லை, அவரையே வேறு ஊர்ப் போட்டு ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது, இறங்கினவர் மணலில் உட்கார்ந்தார், ஊர் சூழ்ந்தது, நேத்து சாயங்காலம் மூணு மணி இருக்கும், தண்ணியில ஒரு வெள்ளை கண்டேன், என்றார், ரெண்டு மைலு, ஏறுது எறங்குது, வள்ளத்துப் பக்கமா, வலை மெதவையா, தெர்மாகோலா, தெரியல, திருப்பி விட்டேன், அரை மைலு போயிருப்பேன், எஞ்சின் இருமிச்சு, நின்னுபோச்சு, ஃபில்டர் கிண்ணத்தக் கழத்துனா பூராத் தண்ணி, கொட்டுனேன், ஓட்டுனேன், திரும்ப நின்னுச்சு, பத்துத் தடவ கொட்டிருப்பேன், அதுக்குள்ள பம்புக்குள்ளயே போயிருச்சு, கண்ணு முன்னால அந்த வெள்ளை தெக்க போவுது, கத்துனேன், சட்டையக் கழத்தி வீசுனேன், போயிருச்சு, என்று சொல்லிவிட்டு ஒரு சின்னப் பிள்ளை மாதிரி கையை விரித்துக் காட்டினார். பங்க்காரன் தண்ணி கலந்துட்டான், என்று ஒருவர் சொன்னார், அது போதும், உலக்கையும் கம்புமாக எடுத்துக்கொண்டு இருபது பேர் இசக்கி அண்ணன் வண்டியில் ஏறினார்கள், பங்க்கில் எனக்குப் பிடித்துக் கொடுத்தது ஒரு பெண், என் வயதுதான், அண்ணன் கெடச்சிருவாருக்கா என்று சொல்லி அனுப்பியவள், கஸ்பார் பெரியப்பாவோ, பங்க்காரன என்னத்துக்குச் சொல்லுதீய, பொட்டப்பிள்ளைய அனுப்பாதீயன்னு அன்னைக்கே சொன்னேன், என்றார். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஃபில்டர் கிண்ணம் பூராத் தண்ணி என்று மாமா சொன்ன அந்த நொடியே தெரிந்துவிட்டது, எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, மூன்று வருஷம் படித்திருக்கிறேன், வாயை மூடிக்கொண்டிருந்தால் பங்க்காரப் பெண் அடிபடுவாள், திறந்தால் நான், வண்டிக்கு முன்னால் போய் நின்றேன், பங்க்ல கலக்கல, நான் பேரலக் கழுவுனேன், என்றேன்.

கழுவுனியா, எதுல, என்றார் மாமா. நல்ல தண்ணியில. எவ்வளவு நேரம் கவுத்தி வச்ச. ஒரு மணி நேரம், வடிஞ்சிருச்சு மாமா. வடியாதுளா, பேரலு வாய்க்கு உள்பக்கம் விளிம்பு இருக்குல்லா, நாள் பூராக் கவுத்துனாலும் அடியில ரெண்டு லிட்டரு நிக்கும், பேரலத் தண்ணியில எவனாவது கழுவுவானா, ஒரு லிட்டரு டீசல ஊத்திக் குலுக்கிக் கொட்டுவோம், மூணு வயசுப் பையனுக்குக்கூடத் தெரியுமே. பையனுக்குத் தெரியும் மாமா, எனக்கு யாரு சொன்னா, என்று நான் கத்தினேன், எட்டு வயசுல ஏறுனேன், அடிச்சுத் தொரத்துனீய, அம்மைக்குச் சொன்னீயளா, அக்காமாருக்குச் சொன்னீயளா, நாங்க கழுவத்தான கத்துக்கிட்டோம், வீட்டக் கழுவ, பாத்திரத்தக் கழுவ, உங்க சாரத்தக் கழுவ, எதக் குடுத்தாலும் கழுவுவோம், அதையும் கழுவிட்டோம், பொட்டப்பிள்ள தொட்டதால நின்னுச்சுன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது, சொல்லித் தராததால நின்னுச்சு. காணாமல் போன ஐந்து பேரில் ஒருவரின் மனைவி ஜெனோவா மதினி கைப்பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள், அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவு நேரம் பேசினதில் எனக்கு ஒரு தெம்பு வந்திருந்தது, நான் சொன்னது சரி என்று ஒரு தெம்பு, அவள் பார்த்ததும் அது போயிற்று, சரியாகத்தான் சொன்னேன், அதனால் என்ன, அந்த வெள்ளை தெற்கே போய்விட்டது, வண்டியில் ஏறினவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், கம்புகளை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் மாமாவின் டேங்கில் மீந்த டீசலைத் தண்ணீர் நீக்கி ஊற்றிக்கொண்டு மூன்று போட்டுகள் அந்தத் திக்கில் போய்த் தேடின, ஒன்றுமில்லை.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன், பிறர் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று, திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாந்தான நல்ல தண்ணி குடுத்தேன், என்றாள், பிறகு என் பக்கம் திரும்பி, தொம்மை கண்டான்னு சொன்னியே, அந்த வெள்ளை, அது கைய அசைச்சுதாமா, என்று கேட்டாள். இல்லம்மா, என்றேன். கேட்டியா அவன்ட்ட. கேட்டேன், அசைக்கலியாம். நான் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை, மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி எங்கள் நடுவே இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வாழ்நாள் பூராவும் நேரம் இருக்கிறது அதைக் கேட்காமல் இருக்க. லாரி வந்தது, அன்றைக்குக் குடத்தோடு நான்தான் போய் நின்றேன், யாரும் சண்டை போடவில்லை, என் முறை வருவதற்கு முன்னாலேயே வழி விட்டார்கள், அந்த மரியாதைதான் என்னை அழவைத்தது, செத்த வீட்டுக்காரிக்கு விடுகிற வழி அது.

பத்தாம் நாள் கூட்டம் போட்டார்கள், பூசை வைத்தார்கள், ஐந்து பேரையும் பேர் சொல்லி வாசித்தார் சாமியார், ரெமிஜியுஸ் என்று முழுசாக, அப்படி வாசித்ததும் அது வேறு யாரோ மாதிரி இருந்தது, கூட்டத்தில் கஸ்பார் பெரியப்பா, நாளையிலேருந்து தொழிலுக்குப் போறது போகட்டும், வீட்ல ஒல பொங்கல, எத்தன நாளைக்கு, என்றார், அழுதுகொண்டுதான் சொன்னார், நான் அவரை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை, எங்கள் வீட்டிலும் உலை பொங்கவில்லை, எச்சரிக்கையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் ஆபீசில் சீட்டு தர இன்னும் இரண்டு நாள் ஆகுமாம், வெளி பங்க்கில் கடிதம் என் பேரில் இருக்கிறது, அந்தப் பெண் என் முகத்துக்குத்தான் பிடித்துக் கொடுப்பாள், பெரியப்பாவே எங்கள் வாசலுக்கு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், நீ ஒரு நடை போயிட்டு வந்துரும்மா, என்றார், முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், உள்ளேயிருந்து அம்மா, போயிட்டு வா, என்றாள், நாலு வீட்டுப் பிள்ளையளும் சோறு தின்கணும்லா. இன்று காலை மாமா கடற்கரையில் பேரல்களை வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார், ஒரு லிட்டர் டீசலை ஒன்றில் ஊற்றினார், இங்க பாரு, இப்படிச் சரிச்சுப் பிடி, உருட்டு, விளிம்போரம் போவட்டும், இப்ப இதுக்குள்ள கொட்டு, என்று ஒரு கண்ணாடிப் பாட்டிலை நீட்டினார், கொட்டினேன், வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர், தெளிவாக, குடிக்கலாம் போல, அம்மா தந்தது, இது போறவரைக்கும் திரும்பத் திரும்பச் செய், என்றார், செய்தேன், நாலு பேரலையும், ஐந்து தடவை, ஆறு தடவை, கடைசியில் பாட்டிலில் வெறும் மஞ்சள் நின்றது, பக்கத்தில் பெரியப்பா இருந்தார், மற்றவர்களும் இருந்தார்கள், யாரும் உனக்கெதுக்கு இது என்று கேட்கவில்லை.

இப்போது அதே வண்டி, அதே தேரிக்காடு, அதே பேரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கன்னம் இரும்பில், திருகுமூடிகள் எல்லாம் இருக்கின்றன, பெரியப்பா எங்கேயோ தேடி வாங்கி வந்துவிட்டார், பங்க்கில் அந்தப் பெண் இந்தத் தடவை விளிம்புவரை பிடித்துக் கொடுத்தாள், அண்ணன் என்று அவள் ஆரம்பித்ததும் நான் இல்லை என்று தலையை அசைத்தேன், இந்த டீசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, இதை ஊற்றின எஞ்சின் எங்கும் நிற்காது, போகிற இடமெல்லாம் போகும், வலை போடும், சூரையும் விளைமீனும் கொண்டு வரும், அதை நான் கூடையில் வைத்து விற்பேன், டீச்சரம்மா, பின்னால சத்தமே காணல, பேரலு நிக்குதா, என்று இசக்கி அண்ணன் கேட்கிறார், நிக்குது அண்ணே, என்கிறேன், பள்ளத்தில் இறங்குகிறது வண்டி, ஏறுகிறது, நான் காதை இன்னும் அழுத்தி வைக்கிறேன், இறுக்கிப் பிடிக்கிறேன், பஸ் வந்துரும் அண்ணே மிதி, என்கிறேன், உள்ளே யாரும் புரளவில்லை, நிறைந்த பேரல் தளும்பாது.